கிரானைட் உருளையில் பி அலைக்குப் பின் வரும் வால்: துகள்களின் சிதறலா, சுவர்களின் எதிரொலியா?

கேள்வி: ஆய்வுத்தொடக்கம்

அனைவருக்கும் வணக்கம். நிலநடுக்க அலைகள் பாறையில் உள்ள சீரின்மைகளால் எவ்வாறு சிதறுகின்றன என்பதை மீயொலி கொண்டு ஆய்வகத்தில் அளக்கும் பணியில், முதுகலை ஆய்வுக்காக ஈடுபட்டிருக்கிறேன். ஆறு வாரம் அளந்த பிறகு, நான் அளந்துகொண்டிருப்பது சிதறலைத்தானா என்ற ஐயம் வந்துவிட்டது. அதனால் இங்கே கேட்கிறேன்.

மாதிரி 50 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. நீளமும் உள்ள கிரானைட் உருளை. துகள்கள் பெரும்பாலும் 1 மி.மீ. விட்டத்தில் இருக்கின்றன, இடையிடையே கறுப்புப் பயோட்டைட் தகடுகள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன. இரு முனைகளையும் ஒன்றுக்கொன்று இணையாகத் தேய்த்து, ஒரு முனையின் நடுவில் அலை அனுப்புவதற்கும் மறுமுனையின் நடுவில் அதை வாங்குவதற்கும் 500 கிலோஹெர்ட்ஸ் பீசோமின் உணரிகளை (மின்னழுத்தத்தை அதிர்வாகவும் அதிர்வை மின்னழுத்தமாகவும் மாற்றுபவை) மெல்லிய பசையிட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 25 மி.மீ. விட்டமுள்ளது. பி அலை (பாறையை அழுத்தித் தளர்த்தியபடி முதலில் வரும் அலை) 20 மைக்ரோவிநாடியில் வந்து சேர்கிறது, அதாவது விநாடிக்கு 5 கி.மீ. வேகம். எஸ் அலைக்கான (பாறையைப் பக்கவாட்டில் அசைத்தபடி பின்னால் வரும் அலை) உணரிகளை வைத்துத் தனியாக அளந்ததில் எஸ் அலையின் வேகம் விநாடிக்கு 3 கி.மீ. என்று கிடைத்தது.

பி அலையின் முதல் சில சுற்றுகள் முடிந்த பிறகும் அலைவடிவம் அடங்குவதில்லை. ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கியபடி, இருநூறு மைக்ரோவிநாடிக்கு மேலும் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே போகும் நீண்ட வால் ஒன்று அதன் பின்னே வருகிறது. நிலநடுக்கப் பதிவுகளைப் பார்த்துப் பழகிய எவருக்கும் அது கோடாவைத்தான், அதாவது அந்தப் பதிவுகளின் முடிவில் நீளும் வாலைத்தான், நினைவூட்டும். உள்ளூர் நிலநடுக்கங்களின் கோடாவை, மேலோடு முழுவதும் பரவிக் கிடக்கும் சீரின்மைகளில் பட்டுத் திரும்பி வரும் அலைகள் என்று 1969-இல் கெயிட்டி அகியும், 1975-இல் அவரும் பெர்னார்ட் ஷூவேயும் சேர்ந்தும் விளக்கினார்கள். அதே விளக்கத்தை என் கிரானைட்டுக்கும் சொல்லி, இந்த வால் கனிமத் துகள்களில் சிதறிய அலைகள்தான் என்று எழுதிவிடலாமா?

இரண்டாவது கேள்வி. இதே அளவுள்ள அலுமினிய உருளையோடு ஒப்பிட்டு, நிறமாலை விகித முறையில் (இரு பதிவுகளின் வலிமையை அதிர்வெண்வாரியாக ஒப்பிடும் முறை) பி அலையின் க்யூ மதிப்பைக் கணக்கிட்டேன். 60 என்று வந்தது. அலையின் மெலிவைச் சொல்லும் (பெரிதாக இருந்தால் மெலிவு குறைவு) இந்த எண்ணில் சிதறலின் பங்கு எவ்வளவு, பாறை வெப்பமாக மாற்றி விழுங்கிவிட்ட உறிஞ்சலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழி உண்டா?

மறுமொழி 1: வால்அலை

உங்கள் ஐயம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. அந்த வாலைத் துகள்களின் சிதறல் என்று எழுத வேண்டாம். குறைந்தபட்சம் இந்த உருளையை வைத்து எழுத வேண்டாம். காரணத்தை ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுவிடலாம்.

நேர்க்கோட்டில் வரும் பி அலைக்குப் பாதை 100 மி.மீ. பக்கச் சுவரின் நடுப்பகுதியில் ஒரு முறை மட்டும் பட்டுத் திரும்பும் பி அலைக்குப் பாதை 111.8 மி.மீ. முதலாவது 20 மைக்ரோவிநாடியில் வருகிறது என்றால் இரண்டாவது 22.4-இல் வந்துவிடும். உங்கள் 500 கிலோஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றுக்கே 2 மைக்ரோவிநாடி தேவை. ஆக, பாறையின் உள்ளிருந்து மட்டும் வரும் செய்தி என்று நீங்கள் நம்பக்கூடிய பகுதி ஒரு சுற்றும் கொஞ்சமும்தான். அதற்குப் பிறகு வருவதில் எல்லாம் சுவர் கலந்திருக்கிறது. சுவரைத் தாண்டி ஆற்றல் வெளியேறிவிடும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. கிரானைட்டின் ஒலித்தடைக்கும் (அடர்த்தியை அலை வேகத்தால் பெருக்கிய எண்) காற்றின் ஒலித்தடைக்கும் உள்ள வேறுபாடு முப்பதாயிரம் மடங்குக்கு மேல் இருப்பதால், செங்குத்தாக மோதும் அலையின் ஆற்றலில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குப் போகிறது. மீதி அனைத்தும் உள்ளேயே திரும்புகிறது.

இதைவிடத் தந்திரமான ஒன்றும் உருளையில் நடக்கிறது. சுவரை உரசியபடி போகும் பி அலை, போகும் வழியெல்லாம் எஸ் அலையைச் சாய்வாக உள்நோக்கி வீசும். அந்த எஸ் அலை விட்டத்தைக் கடந்து எதிர்ச்சுவரில் பட்டதும் மீண்டும் பி அலையாக மாறி, சுவரையொட்டிப் பயணத்தைத் தொடரும். இப்படி ஒவ்வொரு முறை விட்டத்தைக் கடக்கும்போதும் ஒரே அளவு தாமதம் கூடுவதால், முதல் துடிப்புக்குப் பின்னால் சம இடைவெளியில் பின்தொடர் துடிப்புகள் வரிசையாக வந்து நிற்கும். எஸ் வேகத்தின் தலைகீழியை வர்க்கப்படுத்தி, அதிலிருந்து பி வேகத்தின் தலைகீழியின் வர்க்கத்தைக் கழித்து, மீதியின் வர்க்கமூலத்தை விட்டத்தால் பெருக்கினால் அந்த இடைவெளி கிடைக்கும். உங்கள் எண்களைப் போட்டால் 13.3 மைக்ரோவிநாடி. அப்படியானால் முதல் பின்தொடர் துடிப்பு 33.3-இல் வர வேண்டும். இப்போது இன்னொன்றைக் கவனியுங்கள்: நேரே வரும் எஸ் அலையும் 100 மி.மீ. தொலைவை 33.3 மைக்ரோவிநாடியில்தான் கடக்கிறது! உங்கள் பதிவில் அந்த இடத்தில் ஒரு மேடு இருந்து, அதற்கு "எஸ்" என்று குறியிட்டிருந்தீர்கள் என்றால், அந்தக் குறியைப் பென்சிலால் மட்டும் இட்டு வையுங்கள்.

சோதித்துப் பார்க்கப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. க்யூ கணக்கிடுவதற்காக அலுமினிய உருளையில் எடுத்த பதிவு உங்களிடமே இருக்கிறது. நிறமாலைக்காக அதன் முதல் சுற்றை வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைப் பாராமல் விட்டிருப்பீர்கள். அந்த மீதியை இப்போது பாருங்கள். அலுமினியத்தில் 500 கிலோஹெர்ட்ஸ் அலையைச் சிதறடிக்கப் போதிய சீரின்மை கிடையாது. உறிஞ்சலும் மிக மிகக் குறைவு. 1979-இல் டோக்சோஸ், ஜான்ஸ்டன், தைமூர் ஆகியோர் நிறமாலை விகித முறைக்கு அலுமினியத்தை ஒப்பீட்டுப் பொருளாகக் கொண்டதும் அதன் க்யூ லட்சத்தைத் தாண்டுவதால்தான். எனவே அலுமினியத்தில் வால் இருந்தால் அதில் துகள்களுக்குப் பங்கில்லை, வடிவம்தான் காரணம்.

சிதறலை அளக்க வேண்டுமானால் உருளையை விட்டுவிட்டு ஒரு செவ்வகப் பாறைக்கட்டைக்குப் போங்கள். 300 மி.மீ. நீளம், 300 மி.மீ. அகலம், 100 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டு தடிமன் வழியாக அலையை அனுப்பினால், நேரே வரும் பி அலை அதே 20 மைக்ரோவிநாடியில் வரும். தடிமனை மூன்று முறை கடந்து வருவது 60-இல் வரும். பக்கச் சுவரிலிருந்து வருவது 63-இல் வரும். இடையில் 40 மைக்ரோவிநாடி, அதாவது இருபது சுற்றுகள் உங்கள் கையில் இருக்கும்.

போகிற போக்கில் ஒன்று சொல்கிறேன். உருளையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். ஆற்றல் வெளியேற வழியின்றி மாதிரி முழுவதும் ஒரே சீராக நிரம்பிய பிறகு, வாலின் மிகப் பிந்திய பகுதி எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பது சிதறலைப் பொறுத்ததன்று. உறிஞ்சலை மட்டுமே பொறுத்தது. சிதறல் ஆற்றலை இடம் மாற்றுமே தவிர அழிப்பதில்லை. சிதறலை அளக்க உதவாத அதே சுவர்கள் உறிஞ்சலை அளக்க உதவும்.

ஆய்வுத்தொடக்கம்

மிக்க நன்றி. அலுமினியத்தின் பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். 15.9 மைக்ரோவிநாடியில் முதல் துடிப்பு, 30-ஐ ஒட்டி ஒன்று, 44-ஐ ஒட்டி இன்னொன்று என்று பதினான்கு மைக்ரோவிநாடி இடைவெளியில் துடிப்புகள் அழகாக வரிசை கட்டி நிற்கின்றன. ஆறு வாரமாக இந்தக் கோப்பு என் கணினியிலேயே இருந்திருக்கிறது. கிரானைட்டில் 33-இல் இருந்த மேட்டுக்கு "எஸ்" என்று பெயரிட்டதும் உண்மைதான். அதுவும் பென்சிலால் அன்று, நேரடியாக வரைபடத்திலேயே அச்சிட்டு, வழிகாட்டியிடம் காட்டியும் விட்டேன்.

ஆனால் ஒரு வேறுபாடு தெரிகிறது. அலுமினியத்தில் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட பகுதி ஏறக்குறைய அமைதியாக இருக்கிறது. கிரானைட்டில் துடிப்புகள் மழுங்கி, இடைப்பகுதிகள் எல்லாம் நிரம்பிக் கிடக்கின்றன. அந்த நிரப்பலையாவது சிதறல் என்று சொல்லலாம் அல்லவா?

மறுமொழி 2: அலைமுகம்

சொல்லலாம், ஆனால் எவ்வளவு சிதறல் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு இடத்தில் எடுத்த ஒரே ஒரு பதிவு எத்தனை துல்லியமாக இருந்தாலும், அது அந்தப் பாதையில் தற்செயலாக அமைந்த துகள்களின் கதையே ஆகும். வாங்கும் உணரியை 10 மி.மீ. நகர்த்தி வையுங்கள், நிரப்பலின் வடிவம் முற்றிலும் வேறாகிவிடும். சிதறல் கோட்பாடுகள் முன்னறிவிப்பது சராசரியைத்தான். எனவே அளப்பவரிடம் சராசரி எடுப்பதற்குப் போதிய பதிவுகள் இருக்க வேண்டும்.

களத்தில் இது பெரும் தொல்லை. நிலநடுக்க நிலையங்களை நினைத்த இடத்தில் நூற்றுக்கணக்கில் நடமுடியாது. மூலமும் ஒவ்வொரு முறையும் மாறும். ஆய்வகத்தின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது. ஒரே மூலத்தை ஆயிரக்கணக்கான முறை ஒரே மாதிரி இயக்கலாம், வாங்கும் புள்ளியை விருப்பம்போல் நகர்த்தலாம். ஒசாமு நிஷிசாவாவும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட பணியில் பீசோ உணரிக்குப் பதிலாக லேசர் டாப்ளர் அதிர்வுமானியைப் பயன்படுத்திப் பாறைப் பரப்பின் அசைவைப் பதிவு செய்தார்கள். பரப்பில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியின் அதிர்வெண் எவ்வளவு இடம்பெயர்கிறது என்பதிலிருந்து அந்தப் புள்ளியின் அசைவு வேகம் கிடைக்கிறது. இதில் மூன்று நன்மைகள் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன: ஒளிப்புள்ளி அலைநீளத்தைவிட மிகச் சிறியது, பாறையை எதுவும் தொடுவதில்லை, பீசோ உணரி தன் சொந்த ஒத்ததிர்வைப் பதிவில் கலந்துவிடும் சிக்கலும் இல்லை. உங்கள் 25 மி.மீ. உணரியை எண்ணிப் பாருங்கள். பி அலையின் அலைநீளமே 10 மி.மீ.தான். அந்த அகலமான முகம் தன்மேல் படும் அசைவுகளை எல்லாம் கூட்டிச் சராசரியாக்கி, நீங்கள் தேடும் சிதறல் ஏற்றத்தாழ்வுகளையே அழித்துவிடுகிறது.

லேசர் கருவி கிடைக்காவிட்டால் ஓரிரு மி.மீ. முனையுள்ள ஊசி உணரி ஒன்றை நகர்த்தி நகர்த்தி வைத்தும் அளக்கலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். முன்னவர் சொன்ன கட்டையின் நடுவில் 100 மி.மீ. சதுரப் பரப்பில், அரை அலைநீளமான 5 மி.மீ. இடைவெளியில் கட்டம் போட்டால் 441 புள்ளிகள் வரும். இதைவிட நெருக்கமாக வைப்பதால் பயன் குறைவு; அடுத்தடுத்த புள்ளிகள் ஒரே செய்தியையே திரும்பச் சொல்லும். ஒவ்வொரு புள்ளியிலும் ஆயிரம் பதிவுகளை அடுக்கிச் சராசரி எடுத்தால் மின்னிரைச்சல் முப்பது மடங்குக்கு மேல் குறையும். பாறையின் சிதறல் ஒவ்வொரு பதிவிலும் மாறாமல் அப்படியே இருப்பதால், இந்த அடுக்கலில் அது குறையாது. இந்த இரண்டு சராசரிகளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: ஒரே புள்ளியில் எடுப்பது இரைச்சலை ஒழிக்க, பல புள்ளிகளில் எடுப்பது சிதறலைப் படிக்க.

பிறகு 441 பதிவுகளையும் தொலைவு வேறுபாட்டுக்குத் திருத்திவிட்டு இரண்டு விதமாகச் சேர்த்துப் பாருங்கள். அலைவடிவங்களை அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால், எல்லாப் பாதைகளிலும் பொதுவாக உள்ள ஒத்திசைந்த அலை மட்டும் எஞ்சும். சிதறிய பகுதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அலைவடிவங்களை வர்க்கப்படுத்திவிட்டுச் சராசரி எடுத்தால் எதுவும் அழியாது; மொத்த ஆற்றல் கிடைக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதன் வர்க்கத்தைக் கழித்தால் வருவதுதான் சிதறிய ஆற்றல். என் பார்வையில் நீங்கள் ஆய்வேட்டில் போட வேண்டிய முதல் வரைபடம் அதுவே.

இதில் ஒரு பழைய பொறியும் உண்டு. பாதைக்குப் பாதை பயண நேரம் சற்றே முன்பின் ஆவதால், முதல் வகைச் சராசரியில் ஒத்திசைந்த அலை இருப்பதைவிட அதிகமாக மெலிந்ததுபோல் தோன்றும். உண்மையில் ஆற்றல் எங்கும் போகவில்லை. முகடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றுவிட்டன. இதை 1982-இல் ரூ-ஷான் வூவும் ஹருவோ சாட்டோவும் தனித்தனியே சுட்டிக்காட்டினார்கள். எனவே வருகை நேரங்களை வரிசைப்படுத்திய பின் ஒரு முறையும், வரிசைப்படுத்தாமல் ஒரு முறையும் கணக்கிட்டு இரண்டையும் காட்டுங்கள்.

அடுத்தது அதிர்வெண். அலைநீளத்தோடு ஒப்பிடும்போது சீரின்மை எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தே சிதறலின் தன்மை மாறுகிறது. அலையெண்ணை (2π-ஐ அலைநீளத்தால் வகுத்து வருவது) சீரின்மையின் அளவால் பெருக்கி வரும் எண்ணைக் கே-ஏ என்பார்கள். சீரின்மையின் அளவு 0.5 மி.மீ. என்று கொண்டால், உங்கள் பி அலைக்கு 500 கிலோஹெர்ட்ஸில் அது 0.31, 1 மெகாஹெர்ட்ஸில் 0.63, 2 மெகாஹெர்ட்ஸில் 1.26. கே-ஏ ஒன்றைவிட நன்றாகக் குறைந்திருக்கும் ராலே பகுதியில் சிதறல் அதிர்வெண்ணின் நான்காம் அடுக்கில் ஏறும். அதிர்வெண்ணை இருமடங்காக்கினால் சிதறல் பதினாறு மடங்காகும். ஒன்றை நெருங்க நெருங்க அந்த ஏற்றம் மட்டுப்படும். ஆகவே 500 கிலோஹெர்ட்ஸோடு நிற்காமல், ஒரே கட்டையில் 250 கிலோஹெர்ட்ஸிலிருந்து 2 மெகாஹெர்ட்ஸ் வரை அளந்தால்தான் நீங்கள் எந்தப் பகுதியில் நிற்கிறீர்கள் என்பது தெரியும். எஸ் அலையின் அலைநீளம் குறைவு என்பதால் அதே அதிர்வெண்ணில் அது கூடுதலாகச் சிதறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

0.5 மி.மீ. என்று நான் போட்டது துகளின் ஆரத்தை வைத்துச் செய்த ஊகமே. வெட்டிப் பளபளப்பாக்கிய பரப்பைப் படமெடுத்து, ஒவ்வொரு கனிமத்துக்கும் அதன் வேகத்தைக் கொடுத்து, அந்த வரைபடத்தின் தன்னொட்டுறவு (சற்று நகர்த்திய தன் நகலோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) எவ்வளவு தொலைவில் விழுகிறது என்று கணக்கிட்டால் உண்மையான ஒட்டுறவுத் தொலைவு கிடைக்கும். துகள் எல்லைகள் கூர்மையானவை என்பதால் காஸ் வளைகோட்டைவிட அடுக்குக்குறி வளைகோடே பொதுவாக நன்றாகப் பொருந்தும்.

மறுமொழி 3: மணற்கல்

மேலே சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் "துகள்களின் சிதறல்" என்ற சொல்லையே சற்று நிறுத்திக் கேட்க விரும்புகிறேன். அறை அழுத்தத்தில் இருக்கும் கிரானைட்டில் துகள்கள் மட்டுமா இருக்கின்றன? துகள்களின் ஓரங்களிலும் குறுக்கேயும் நுண்விரிசல்கள் நிறைந்திருக்கின்றன. உங்கள் பாறையின் பி வேகம் விநாடிக்கு 5 கி.மீ. மட்டுமே என்பதே அதற்குச் சான்று. விரிசல் மூடிய கிரானைட்டில் 6 கி.மீ. அருகே எதிர்பார்க்கலாம். சிதறடிப்பவை துகள்களா, பயோட்டைட் தகடுகளா (தகட்டுக்கு இணையாக அலை செல்லும் வேகம், செங்குத்தாகச் செல்லும் வேகத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு), விரிசல்களா என்பதை உங்கள் அளவீடு பிரித்துக் காட்டவில்லை.

பிரிக்கும் வழி அழுத்தம். சூழழுத்தத்தை 100 முதல் 200 மெகாபாஸ்கல் வரை ஏற்றினால் மெல்லிய விரிசல்களில் பெரும்பாலானவை மூடிவிடும். துகள்கள் அப்படியே இருக்கும். அழுத்தம் ஏற ஏற எவ்வளவு மெலிவு மறைகிறதோ அது விரிசலின் கணக்கு, எஞ்சியது துகளின் கணக்கு. எதிர்த்திசையிலும் போகலாம்: மாதிரியை மெதுவாகச் சூடாக்கி ஆறவைத்து விரிசலைக் கூட்டலாம். குவார்ட்ஸ் 573 பாகை செல்சியஸில் வடிவம் மாறிப் பருமன் கூடுவதால் அந்த எல்லையைத் தாண்டியதும் விரிசல்கள் பெருகும். ஆனால் அதன்பின் அந்த மாதிரி பழைய மாதிரி அன்று. ஆகவே அதைக் கடைசிச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள்.

க்யூ 60 பற்றியும் ஒரு சொல். நிறமாலை விகித முறை, விகிதத்தின் மடக்கையை அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்து, கிடைக்கும் நேர்க்கோட்டின் சாய்விலிருந்து க்யூவைப் படிக்கிறது. க்யூ அதிர்வெண்ணோடு மாறாது என்ற அனுமானம் அந்த நேர்க்கோட்டிலேயே அடங்கியிருக்கிறது. சிதறல் நான்காம் அடுக்கில் ஏறினால் அது நேர்க்கோடாக இருக்க முடியாது, கீழ்நோக்கி வளைய வேண்டும். கென்னத் விங்க்லர் 1983-இல் நுண்துளை மிகுந்த மணற்கற்களில் மீயொலி மெலிவை ஆராய்ந்தபோது, அதிர்வெண் கூடக் கூட மெலிவு வேகமாக ஏறுவதையே துகள்ச் சிதறலின் அடையாளமாகக் கொண்டார். உங்கள் புள்ளிகள் வளைந்திருந்தும் அவற்றின் ஊடே நேர்க்கோட்டைப் போட்டிருந்தால், சிதறலின் சான்றை உங்கள் கையாலேயே தேய்த்து அழித்திருக்கிறீர்கள்.

இன்னொரு கேள்வி: மாதிரியை உலர்த்தினீர்களா? எதிரே இருக்கும் சான்று சந்திரன்தான். 1969 நவம்பரில் அப்பல்லோ 12 கலத்தின் மேலேறும் பகுதியைச் சந்திரன்மேல் மோதவிட்டபோது அதிர்வு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அடங்கவில்லை. உடைந்து நொறுங்கிய மேற்பகுதியில் சிதறல் கடுமையாக இருந்தது. அதே சமயம் உறிஞ்சல் மிகக் குறைவாக இருந்தது. ஆனால் பூமியின் ஆய்வகங்களில் சந்திரப் பாறையை அளந்தபோது க்யூ அந்த அளவுக்கு உயரவில்லை. காரணம் காற்றின் ஈரம் என்பதை பெர்ன்ஹார்ட் டிட்மன் 1970-களில் காட்டினார்: வெற்றிடத்தில் வைத்துச் சூடேற்றி, ஒட்டியிருந்த ஆவிகளை வெளியேற்றியதும், சந்திரப் பாறையின் க்யூ ஆயிரக்கணக்கில் ஏறியது. விரிசல் பரப்பில் படிந்த சில மூலக்கூறு அடுக்குத் தண்ணீரே அவ்வளவு ஆற்றலை விழுங்குகிறது என்றால், ஆறு வாரத்தில் அறையின் ஈரப்பதம் மாறிய நாள்களில் எல்லாம் உங்கள் உறிஞ்சலும் மாறியிருக்கும். 60 பாகையில் சில நாள் உலர்த்தி, எடை மாறாமல் நின்றதும் அளந்து பாருங்கள். அளக்கும்போது ஈரப்பதத்தைக் குறித்து வையுங்கள்.

பூமியோடு ஒப்பிடும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும். 0.5 மி.மீ. துகளும் 10 மி.மீ. அலைநீளமும் சேர்ந்து தரும் கே-ஏயை, 0.5 கி.மீ. சீரின்மையும் 10 கி.மீ. அலைநீளமும் சேர்ந்து மேலோட்டில் தருகின்றன. அந்த வகையில் ஆய்வகம் நேர்மையான சிறுமாதிரிதான். ஆனால் உறிஞ்சல் இப்படி அளவுமாற்றத்துக்குக் கட்டுப்படுவதில்லை. மெகாஹெர்ட்ஸில் விரிசல் நீர் செய்யும் வேலையை ஒரு ஹெர்ட்ஸில் அதே போல் செய்யாது. எனவே சிதறலின் அளவுகளைக் களத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். உறிஞ்சலின் க்யூவை ஆய்வகத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஆய்வுத்தொடக்கம்

நிறமாலை விகிதப் புள்ளிகளைத் திரும்ப வரைந்தேன். 600 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தெளிவாகக் கீழே வளைகின்றன. நேர்க்கோடு போட்டது நான்தான்.

வால்அலை அவர்கள் சொன்ன பிந்திய வாலையும் அளந்து பார்த்தேன். பழைய உருளையில், 500 கிலோஹெர்ட்ஸ் பட்டையில், 150 மைக்ரோவிநாடிக்குப் பிறகு ஆற்றலின் மடக்கை நேர்க்கோட்டில் இறங்குகிறது. தேய்வுக் காலம் (ஆற்றல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம்) 60 மைக்ரோவிநாடி. அதிலிருந்து உறிஞ்சலின் க்யூ 188 வருகிறது. மொத்த க்யூ 60-இன் தலைகீழியிலிருந்து 188-இன் தலைகீழியைக் கழித்தால் சிதறலின் க்யூ 88 கிடைக்கிறது. என் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வால்அலை

அவசரப்பட வேண்டாம். அந்தக் கழித்தல் இரண்டு வெவ்வேறு அலைகளுக்கு இடையே நடந்திருக்கிறது.

60 என்பது நேரே வந்த பி அலையின் எண். அதுவும் வளைந்த புள்ளிகளின் ஊடே போட்ட நேர்க்கோட்டிலிருந்து வந்தது. பிந்திய வாலில் இருப்பவை பெரும்பாலும் எஸ் அலைகள். பல முறை சிதறி, சுவர்களில் பலமுறை உருமாறிய பின் பி, எஸ் ஆற்றல்களின் விகிதம், தொடங்கியது எதுவாக இருந்தாலும், ஒரு நிலையான எண்ணில் வந்து நின்றுவிடும். பி வேகத்தை எஸ் வேகத்தால் வகுத்து, அதை மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தி, இரண்டால் பெருக்கினால் அந்த எண் வரும். உங்கள் பாறையில் எஸ் ஆற்றல் பி ஆற்றலைப்போல் 9 மடங்குக்குச் சற்று மேல். ஆகவே 188 என்பது நடைமுறையில் எஸ் அலையின் உறிஞ்சல். அதைப் பி அலையின் மொத்த மெலிவிலிருந்து கழித்து வந்த 88-க்கு எந்தப் பொருளும் இல்லை. எஸ் அலை உணரிகளைக் கொண்டு கட்டையில் எஸ் அலையின் மொத்த மெலிவை அளந்துவிட்டுப் பிறகு கழியுங்கள்.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. காற்றுக்கு ஆற்றல் போவதில்லை என்று சொன்னேன், உணரிகளுக்குப் போகும். 25 மி.மீ. முகமுள்ள இரண்டு உணரிகள் பசையோடு ஒட்டியிருக்கும்போது அவை பாறையிலிருந்து ஆற்றலைத் தொடர்ந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதுவும் பாறையின் கணக்கில் சேர்ந்துவிடும். உருளையை மேசைமேல் நேரடியாக வைத்திருந்தால் அதன் வழியாகவும் போகும். ஊசி உணரிகள் இரண்டைப் பொருத்தி, உருளையை மெல்லிய நூலில் தொங்கவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள்.

ஆய்வுத்தொடக்கம்

நூலில் தொங்கவிட்டு, ஊசி உணரிகளோடு நேற்று அளந்தேன். தேய்வுக் காலம் 60-இலிருந்து 68 மைக்ரோவிநாடியாகவும், க்யூ 188-இலிருந்து 214 ஆகவும் ஏறியது. இது உலர்த்துவதற்கு முன் எடுத்த எண். உருளை இப்போது உலர்த்தியில் இருக்கிறது. இரண்டு நாளில் எடை 0.3 கிராம் குறைந்திருக்கிறது, இன்னும் நிலைக்கு வரவில்லை. நின்றதும் இதே நூலில், இதே உணரிகளோடு அளந்து எண்ணை இங்கே பதிகிறேன். கட்டைக்கு அதே பாறையிலிருந்து வெட்டச் சொல்லியிருக்கிறேன். வழிகாட்டியிடம் காட்டிய வரைபடத்தில் இருந்த "எஸ்" குறியை எடுத்துவிட்டுத் திருத்திய படத்தை இன்று காலை அனுப்பிவிட்டேன்.